பித்தப்பையை எடுத்து வருஷக்கணக்காச்சு, வயிறு மட்டும் அடங்கல. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

பேட்டை வாசகரின் கேள்வி, ஜூன் 3

வயசு 41. பித்தப்பையில கல்லுன்னு ஆறு வருஷத்துக்கு முன்னால லேப்ராஸ்கோப்பி பண்ணி எடுத்தாங்க. ஆபரேஷன் நல்லபடியாத்தான் முடிஞ்சது. ஆனா ரெண்டு வருஷமா, சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள வயித்தைக் கலக்குது. காலையில மூணு நாலு தடவை ஓடணும். மஞ்சளா, தண்ணியா போகுது, எரிச்சல் வேற. ஸ்கேன், ரத்தம், மலம் எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். 'ஆபரேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, அது எப்பவோ நடந்தது'ங்காங்க. அப்போ இது என்னதான்? யாருக்காவது இப்படி இருந்திருக்கா?

ஜூன் 3, இரவு

சம்பந்தம் இருக்கலாம் தம்பி. இருந்தே ஆகணும்னு சொல்லல. ஆனா 'கிடையவே கிடையாது'ன்னு முடிச்சிடுறது சரியில்ல. நானும் பித்தப்பை எடுத்தவதான், பாளையங்கோட்டையில டீச்சர். எனக்கும் உடனே வரல, சில வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிச்சது.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைக்கும் பித்தநீர் சுரக்குது. பித்தப்பை சின்னப் பை, 30 முதல் 50 மில்லிதான் பிடிக்கும். அது பித்தநீரில இருக்கிற தண்ணியை இழுத்துக் கெட்டியாக்கி வச்சிருந்து, எண்ணெய் நெய் உள்ள சாப்பாடு குடலுக்கு வந்ததும் பிழிஞ்சு விடும். நம்ம பக்கத்து ஆளுங்களுக்குக் குளத்தையும் மடையையும் சொன்னாப் போதும். குளமும் போயி மடையும் போயாச்சுன்னா வாய்க்கால்ல தண்ணி ராத்திரி பகலா அது பாட்டுக்கு ஓடும், பயிருக்கு வேணும்னாலும் வேண்டாம்னாலும். பெரும்பாலானவங்களுக்குக் குடல் பழகிடுது. பழகாதவங்களும் இருக்காங்க. பித்தப்பை எடுத்தவங்கள்ல பத்துல ஒருத்தருக்குப் பக்கம் வயித்தால போறது இருக்குங்காங்க. அதுல நிறையப் பேருக்குத் தானா நின்னுடும். சிலருக்கு நிக்காது. சிலருக்குப் பிந்தி வரும்.

மூணு கேள்வி கேக்கேன். ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பி விடுதா? ரத்தம் போகுதா? எடை குறைஞ்சிருக்கா? இதுக்குப் பதில் சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

ஜூன் 4

தம்பி பதில் வர்றதுக்குள்ள என் கதையைக் கொஞ்சம் எழுதிடுதேன், ஏன்னா இதைப் படிக்கிற பொம்பளைங்க நிறையப் பேர் வெளிய சொல்லிக்கிட மாட்டாங்க.

முதல் பீரியட்தான் எனக்குப் பயம். கரும்பலகைப் பக்கம் திரும்பி நிக்கும்போது அடிவயித்துல ஒரு சுருக்கு வரும். வந்தா ரெண்டு நிமிஷம்தான் அவகாசம். நாற்பது பிள்ளைங்களை விட்டுட்டு ஓட முடியுமா? அடுத்த கிளாஸ் டீச்சர்கிட்ட 'கொஞ்சம் பாத்துக்கிடுங்க'ன்னு எத்தனை நாள் சொல்ல? அதனால காலையில சாப்பிடுறதை நிறுத்தினேன். ஒரு காப்பி மட்டும். மத்தியானம் பசியில ஒரேயடியா சாப்பிட்டு, அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற பஸ்ல அவஸ்தை. வெறும் வயித்துல இருந்தாலும் பித்தநீர் சொட்டிக்கிட்டேதான் இருக்கும்னு அப்போ எனக்கு யாரும் சொல்லல.

அல்ட்ராசவுண்டு நார்மல். எண்டோஸ்கோப்பி நார்மல். தைராய்டு நார்மல். கடைசியா ஒரு டாக்டர் ஃபைலை மூடி வச்சுட்டு, 'உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, டென்ஷனைக் குறைங்க'ன்னாரு. வெளிய வந்து மரத்தடியில உக்காந்து அழுதேன். ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு நான் கல்யாண வீட்டுக்குப் போறதில்ல, எதுக்கு டிரிப்புக்கு வரமாட்டேங்கேன்?

ரிப்போர்ட் நார்மல்ங்கிறதுக்கு அர்த்தம், அந்த டெஸ்ட் தேடுற நோய் இல்லைங்கிறது மட்டும்தான். அல்ட்ராசவுண்டு கல்லைத் தேடும், கட்டியைத் தேடும். பித்தநீர் பெருங்குடலுக்கு எவ்வளவு போகுதுன்னு அதுக்குத் தெரியாது.

ஜூன் 6

ராத்திரி எழுப்பல, ரத்தம் இல்ல, எடை அப்படியேதான்னு தம்பி சொல்லியிருக்காரு. சந்தோஷம். இந்த மூணுல எது இருந்தாலும், கூடக் காய்ச்சல், ரத்தசோகை, கண்ணு மஞ்சளாகுறது, விடாத வாந்தி இருந்தாலும், இந்தப் பேச்செல்லாம் அப்புறம், முதல்ல டாக்டர்.

இப்போ விஷயத்துக்கு வாரேன். சிறுகுடலுக்கு வர்ற பித்த அமிலத்துல சுமார் 95 சதவீதத்தை அதோட கடைசிப் பகுதி உறிஞ்சி மறுபடியும் கல்லீரலுக்கே அனுப்பிடுது. மிச்சம் கொஞ்சம்தான் பெருங்குடலுக்குப் போகணும். அளவு மீறிப் போனா பெருங்குடல் சுவர் தண்ணியைக் கக்கும், வேகமா தள்ளும். அவசரம், தண்ணி, மஞ்சள் நிறம், ஆசனவாய் எரிச்சல்னு தம்பி சொன்னதெல்லாம் அதுக்குப் பொருந்தி வருது. இதுக்குப் பித்த அமில வயித்துப்போக்குன்னு பேரு. பித்தப்பை இருக்கிறவங்களுக்கும் வரலாம். ஐபிஎஸ் (டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாத குடல் கோளாறு), அதுல வயித்துப்போக்கு வகைன்னு சீட்டு எழுதி அனுப்பப்பட்டவங்கள்ல நாலுல ஒருத்தருக்காவது உள்ளுக்குள்ள இதுதான் இருக்குன்னு மருத்துவ ஆய்வுகள் சொல்லுது.

இங்கிலாந்துல இதுக்குன்னு ஒரு ஸ்கேன் இருக்கு. செலினியம் கலந்த மாத்திரையை விழுங்க வச்சு, ஏழாவது நாள் உடம்புல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்ப்பாங்க. நம்ம பக்கம் பெரும்பாலும் அப்படிப் பார்க்கிறதில்ல, பித்த அமிலத்தைப் பிடிச்சு வைக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அடங்கினா அதுதான்னு முடிவு பண்ணுதாங்க. மருந்து பேரு கொலெஸ்டைரமைன். பொடி. முன்னால கொலஸ்ட்ராலுக்குக் கொடுத்தது. மாத்திரையா கொலெசெவலம் இருக்கு.

எனக்கு ரெண்டாவதா பார்த்த குடல் டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. வண்ணாரப்பேட்டையில மருந்துக்கடையில சொல்லி வச்சு, வரவழைச்சுக் கொடுத்தாங்க. எவர்சில்வர் டம்ளர்ல பாதிக்கு மேல தண்ணி எடுத்துப் பொடியை மேல தூவி ஒரு நிமிஷம் விட்டுடணும், அப்புறம் கலக்கணும். கரையவே கரையாது. குடிக்கும்போது பல்லுல நறநறங்கும். அடியில தங்கினதுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திக் கழுவிக் குடிச்சிடணும். குடிச்சதும் வாய் கொப்பளிக்கணும். வெறும் பொடியை வாயில போடவே கூடாது, தொண்டையில அடைச்சுக்கும்.

முதல் வாரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிஞ்சது. முழுப் பாக்கெட் எடுத்தா எனக்கு மலம் கட்டி வயிறு உப்பிடும், அதனால டாக்டர் அரையாக்கிட்டாரு. ஆளுக்கு ஆள் அளவு மாறும். இதைப் படிச்சுட்டு நேரா மருந்துக்கடைக்குப் போகாதீங்க.

ஜூன் 7

சுத்தமல்லி அண்ணாச்சி கீழ எழுதியிருக்காரு: 'பித்தப்பை எடுத்தவன் ஆயுசுக்கும் எண்ணெயைத் தொடக்கூடாது.' அப்படி இல்ல அண்ணாச்சி. பித்தநீர் இல்லாமப் போகல, சேத்து வைக்கிற இடம்தான் போச்சு. அளவான கொழுப்பு செரிக்கும். மொத்தமா ஒரே நேரத்துல இறக்கினாத்தான் கஷ்டம்.

அல்வா தின்னக்கூடாதுன்னு எனக்கும் சட்டம் போட்டாங்க. ஒரு துண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம், எனக்கு ஒண்ணும் பண்ணல. வெறும் வயித்துல கால் கிலோவை சுடச்சுட வாழையிலைத் துண்டுல வாங்கித் தின்னா, பித்தப்பை இருக்கிறவனுக்கே கலக்கும்.

சொதிதான் எனக்குச் சிக்கல். மறுவீட்டுச் சாப்பாட்டுல சொதி இல்லாம முடியுமா? தேங்காய்ப்பால் முதல் பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு எடுத்து வைக்கிறதுல, எங்க வீட்டுல இப்போ எனக்குன்னு மூணாம் பால்ல ஒரு சின்னச் சட்டி தனியா கொதிக்கும். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், எலுமிச்சம்பழம், இஞ்சித் துவையல் எல்லாம் அப்படியே. கடைசியில முதல் பாலை ஒரு கரண்டி மட்டும். ருசி குறையத்தான் செய்யுது. ஆனா இலையில உக்காந்து எல்லாரோடயும் சாப்பிடுதேன், அது பெருசு.

ஜூன் 11

பித்தப்பையை விட்டுட்டு வேற ஆபரேஷனைப் பத்தியும் கேட்டிருக்காங்க. என் பெரியப்பாவைப் பத்தி எழுதணும்.

நம்ம பக்கம் அறுபது எழுபது வயசு ஆம்பளைங்க பல பேரைச் சட்டையைக் கழட்டச் சொன்னீங்கன்னா, நடுவயித்துல மேலேருந்து தொப்புள் வரைக்கும் ஒரு தழும்பு இருக்கும். அல்சர் ஆபரேஷன். தென்னிந்தியாவுல அந்தக் காலத்துல முன்சிறுகுடல் அல்சர் ரொம்ப அதிகம், புண்ணு ஆறி ஆறி வழி சுருங்கிச் சாப்பாடு இறங்காமப் போயிடும். அப்போ பண்ணுனது இதுதான்: இரைப்பைக்கு அமிலம் சுரக்கச் சொல்ற வேகஸ் நரம்பை வெட்டி விட்டுட்டு, இரைப்பையை நேரா சிறுகுடலோட இணைச்சுத் தச்சு விடுறது. அல்சருக்குக் காரணம் ஒரு கிருமின்னு ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் 1982-ல கண்டுபிடிச்சாங்க, 2005-ல அவங்களுக்கு நோபல் பரிசு கிடைச்சது. இப்போ ரெண்டு வார மாத்திரையில முடியிற சங்கதிக்கு அன்னைக்கு வயித்தைத் திறந்தாங்க. அன்னைக்கு அதுதான் உயிரைக் காப்பாத்துச்சு, அதைக் குறை சொல்லல.

முக்கூடல் பெரியப்பாவுக்கு 1980-கள் தொடக்கத்துல அது நடந்தது. பீடிக் கம்பெனி வேலை, பீடியும் குடிப்பாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் வலி போயிட்டு. ஆனா பதநீர் ஒரு சொம்பு குடிச்சாருன்னா கால் மணி நேரத்துல வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடங்கும், படுத்தாத்தான் நிக்கும், பின்னாலேயே வயித்தால போகும். பாயசம் சாப்பிட்டாலும் அப்படித்தான். ஆச்சி உப்பு மிளகாய் சுத்திப் போடுவா, கண்ணு பட்டுட்டுன்னு. இருபது வருஷத்துக்கு மேல அதைக் கண்ணேறுன்னே எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தோம்.

இரைப்பைக்குக் கீழ இருக்கிற வாசல் வழியா போகாம, இனிப்பு மொத்தமும் ஒரே வீச்சுல சிறுகுடல்ல போய் விழும்போது வர்றது அது. டம்ப்பிங்னு சொல்லுவாங்க. சாப்பிட்ட அரை மணிக்குள்ள வர்ற வகை ஒண்ணு. ஒண்ணுலேருந்து மூணு மணி நேரம் கழிச்சு, ரத்தத்துல சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கிக் கண்ணு இருட்டிக்கிட்டு வர்றது இன்னொண்ணு. பெரியப்பாவுக்கு ரெண்டும் இருந்தது.

மருந்தே இல்லாம அவருக்கு முக்கால்வாசி சரியாச்சு. சோறு சாப்பிடும்போது தண்ணி கிடையாது, அரை மணி கழிச்சுத்தான். மூணு வேளை ஆறு வேளையாச்சு, அளவு கொஞ்சம் கொஞ்சம். பதநீர், கருப்பட்டிக் காப்பி, பாயசம் ஒதுக்கம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவருக்கு நல்லா ஒத்துக்கிட்டது. சாப்பிட்டதும் திண்ணையில கொஞ்ச நேரம் சாய்ஞ்சுடுவாரு.

ஜூன் 12

நேத்து எழுதினதுல முக்கியமானது விட்டுப்போச்சு, வைட்டமின் பி12.

இந்த வகை ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு, இரைப்பையில ஒரு பகுதியை வெட்டி எடுத்தவங்களுக்கு, சிறுகுடலோட கடைசிப் பகுதியை எடுத்தவங்களுக்கு, பி12 சத்து உறிஞ்சுறது குறையும். கல்லீரல்ல இருப்பு சில வருஷத்துக்குத் தாங்கும், அதனால இந்தக் குறைபாடு பிந்தித்தான் தெரியும். 'ஆபரேஷன் எப்பவோ முடிஞ்சது'ங்கிற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பெரியப்பாவுக்குப் பாதம் மரத்துப்போச்சு, இருட்டுல நடந்தா தள்ளாடினாரு, நாக்கு வழவழன்னு சிவந்து கிடந்தது. வயசாச்சுன்னு விட்டுட்டோம். ரத்தத்துல பி12-ம் இரும்புச்சத்தும் பார்க்கச் சொன்னது, காலுக்குப் பார்க்க வந்த ஒரு இளவட்ட டாக்டர். அவரு வேட்டியை இறக்கிக் கட்டச் சொல்லித் தழும்பைப் பார்த்துட்டு, 'தாத்தா, அல்சரா?'ன்னு கேட்டாரு. ஒரே கேள்வி. ஊசி போட ஆரம்பிச்சபிறகு நாக்கு சரியாச்சு, தள்ளாட்டம் பாதி போச்சு. மரத்துப்போனது முழுசா திரும்பல. நரம்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்தா அப்படித்தான்.

அதனால வீட்டுல தழும்போட பெரியவங்க இருந்தா, வருஷம் ஒருதடவை ஹீமோகுளோபின், இரும்பு, பி12 பாருங்க. இரைப்பையை வெட்டி எடுத்தவங்களா இருந்தா, புதுசா பசி குறைஞ்சாலோ இளைச்சாலோ எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போடாதீங்க, மிச்ச இரைப்பையில பல வருஷம் கழிச்சுப் புற்று வரும் ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

ஜூன் 12, சாயங்காலம்

டாக்டர் முன்னால உக்காந்ததும் முதல் வாக்கியமே பழைய ஆபரேஷனா இருக்கட்டும். 'எனக்கு இந்த வருஷம் இந்த ஆபரேஷன் ஆச்சு, இப்போ இது பண்ணுது.' நாமளா சொல்லாட்டி, அஞ்சு நிமிஷத்துல அவங்க கேக்கவும் மாட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா கையோட கொண்டு போங்க. பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில இருக்கும், தேடுங்க.

ஜூன் 20

வள்ளியூர் அக்கா கேட்டது: கர்ப்பப்பை எடுத்து ரொம்ப வருஷம், தொப்புளைச் சுத்திப் பிடிச்சு இழுக்கிற வலி, வயிறு ஒரு பக்கமா வீங்கி மெல்ல அடங்குது, ஸ்கேன்ல ஒண்ணுமில்ல.

அக்கா, வயித்தைத் திறந்து பண்ணுன ஆபரேஷன்கள்ல பெரும்பாலும் உள்ளே ஒட்டுதல் விழும். குடலும் குடலும், குடலும் வயித்துச் சுவரும் நார் நாரா ஒட்டிக்கிடும். சிசேரியனுக்கும் இது உண்டு. நிறையப் பேருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சிலருக்குப் பல வருஷம் கழிச்சுக்கூட இழுத்துப் பிடிக்கும். ஒட்டுதல் சாதாரண ஸ்கேன்ல நேரா தெரியாது. அதுக்காக உடனே திறந்து பிரிச்சு விடச் சொல்லவும் முடியாது, திறந்தா மறுபடியும் ஒட்டும்.

ஆனா இதைக் கவனமா படிங்க. வலி விட்டு விட்டு முறுக்கி வருது, வயிறு வீங்கிக்கிட்டே போகுது, வாந்தி, காத்தும் பிரியல மலமும் போகல. இந்த நாலும் சேர்ந்தா அது குடல் அடைப்பா இருக்கலாம். சுக்குக் காப்பி போட்டுக் குடிச்சுக்கிட்டு விடியட்டும்னு இருக்கக்கூடாது. ராத்திரின்னாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். பல பேருக்கு வாயில ஒண்ணும் கொடுக்காம, மூக்கு வழியா டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏத்தியே சரி பண்ணிடுவாங்க. தாமதிச்சாத்தான் குடல் அழுகும்.

ஜூலை 1

விளக்கெண்ணெய், கடுக்காய் மாதிரி பேதி மருந்தைப் பத்தி.

வயித்துக் கோளாறுன்னு சொன்ன மறுநிமிஷம் சொந்தக்காரங்க எல்லாரும் 'வயித்தைச் சுத்தம் பண்ணு'ம்பாங்க. எங்க அத்தை கடுக்காய்ப் பொடியோட வந்து நின்னா. பாசத்துல வர்றதுதான். ஆனா ஏற்கெனவே பித்தம் பெருங்குடலை விரட்டிக்கிட்டிருக்கிற ஆளுக்கு பேதி மருந்து கொடுத்தா என்ன ஆகும்? கடுக்காயும் திரிபலாவும் மலம் இளக்குற மருந்து. மலச்சிக்கல்காரங்களுக்கு அது நல்லது, நமக்கு இல்ல.

சித்த வைத்தியத்துக்கு நான் எதிரி இல்ல. பாளையங்கோட்டையில 1964-லேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்த ஊர் நம்ம ஊரு. அங்க போறவங்க போங்க. ஆனா படிச்ச வைத்தியர்கிட்ட போங்க, ஆபரேஷனைச் சொல்லுங்க, சாப்பிடுற இங்கிலீஷ் மருந்தைச் சொல்லுங்க. இந்தப் பக்க டாக்டர்கிட்டயும் அங்க என்ன சாப்பிடுதோம்னு சொல்லுங்க. மறைச்சு ரெண்டையும் சேத்துச் சாப்பிடுறதுதான் கெடுதல்.

இசப்கோல் கேட்டவங்களுக்கு: தண்ணியா போறதைக் கொஞ்சம் கெட்டியாக்கும், எனக்கு உதவிச்சு. ஒட்டுதல் இருந்து அடிக்கடி வயிறு பிடிக்கிறவங்க டாக்டரைக் கேக்காம அதைத் தொட வேண்டாம்.

ஜூலை 10

தேரோட்டத்துக்குப் போயிட்டு வந்தேன்! பல வருஷத்துக்கு அப்புறம். நெல்லையப்பர் ஆனித் தேர் ரத வீதியில திரும்புறதை யாராவது வீட்டு மாடியில நின்னு பாக்குறது வேற, கூட்டத்துல வடத்துப் பக்கத்துல நின்னு பாக்குறது வேற. முந்தின நாள் ராத்திரி மோர்ச்சோறு, காலையில ரெண்டு இட்லி, பொடி. போற வழியில எங்கெங்க கக்கூஸ் இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கிட்டேன். டவுன்ல ஒரு தெரிஞ்ச பிள்ளை வீட்டுல 'தேவைப்பட்டா வருவேன்'னு சொல்லியும் வச்சிருந்தேன். தேவைப்படல. அவ வீட்டுல கதவு திறந்திருக்குங்கிற நினைப்பே பாதி மருந்து.

இது தென்காசி பஸ் ஏறுற எல்லாருக்கும் தெரியும், ஒரு பொம்பளை வெளிய கிளம்பினா தண்ணி குடிக்க மாட்டா. வயித்தால போற உடம்புக்கு அது இன்னும் கெடுதல், உப்புச்சத்து இறங்கித் தலை சுத்தும். ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு, ஈரத் துடைப்பான், ஒரு மாத்து உடுப்பு, ஒரு பாலித்தீன் பை எப்பவும் என் கைப்பையில கிடக்கு. பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியர்கிட்ட ஒருநாள் கதவைச் சாத்திட்டு நேரா சொன்னேன். எனக்கு முதல் பீரியட் கிடையாதுன்னு டைம்டேபிளை மாத்திக் கொடுத்தாங்க. இத்தனை வருஷம் மூச்சு விடாம வச்சிருந்ததுக்கு, சொல்லி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆகல.

ஜூலை 22

டென்ஷன் பேச்சுக்குத் திரும்பி வாரேன். ஜூன் 4-ல எழுதினதை எடுத்துப் படிச்சேன், அந்தக் கோபம் இன்னும் சரின்னுதான் நினைக்கேன். ஆனா அதோட கூட ஒண்ணு சேர்க்கணும்.

குடலுக்குன்னு தனி நரம்பு வலை இருக்கு, மூளையோட அது ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டே இருக்கும். பரீட்சை அன்னைக்குப் பிள்ளைங்க வரிசையா பாத்ரூம் போறதை நாங்க வருஷா வருஷம் பாக்கோம். பயம் குடலை விரட்டும், அது உண்மை. 'ஒண்ணுமில்ல, டென்ஷன்'னு சொல்லி அனுப்புறது தப்பு. 'உன் குடலுக்கு ஒரு கோளாறு இருக்கு, பயம் அதைக் கூட்டுது, ரெண்டையும் பார்ப்போம்'னா அது வைத்தியம்.

முக்கூடல்ல இருந்து ஒரு தங்கச்சி, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்ததை இன்டர்நெட்ல தேடிட்டு, 'மனநோய்க்கான மாத்திரையாம், என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க'ன்னு எழுதியிருந்தா. இல்லம்மா. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவு இதைவிடப் பல மடங்கு. இந்தச் சின்ன அளவு குடல் நரம்போட கூருணர்ச்சியைத் தணிக்கவும் வேகத்தைக் குறைக்கவும். ராத்திரி போடுங்க, காலையில கொஞ்சம் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் இருக்கும். நிறுத்தணும்னு தோணுச்சுன்னா எழுதிக் கொடுத்தவங்ககிட்டயே பேசுங்க.

ஆகஸ்ட் 5

இப்போ எதிர்ப்பக்கம் போகுது இந்தப் பேச்சு. எல்லா வயித்துப்போக்குக்கும் 'பித்தம்தான், பொடி வாங்கிக் குடி'ன்னு ரெண்டு மூணு பேர் எழுதுதீங்க. தயவுசெய்து வேண்டாம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுதீங்களா? அதுவே வயித்தால போக வைக்கும், வகையை மாத்தினா சரியாகலாம். பால் குடிச்ச அன்னைக்கு மட்டும் இரைச்சலும் உப்புசமும்னா பால்ல இருக்கிற லாக்டோஸ் சர்க்கரை, நம்ம தெற்கத்திக்காரங்கள்ல ரொம்பப் பேருக்கு அது ஒத்துக்கிடாது, மோர் ஓரளவு ஒத்துக்கிடும். சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைக்கிறது, வலதுபக்க அடிவயித்துல வலின்னா நம்ம நாட்டுல குடல் காசநோயைக் கட்டாயம் நினைக்கணும். பொடி குடிச்சுக்கிட்டு அதை ஆறு மாசம் ஒளிச்சு வச்சோம்னா பெரிய கேடு. அம்பது தாண்டின பொம்பளைங்களுக்கு இன்னொண்ணு உண்டு: கொலனோஸ்கோப்பில பார்க்க வழவழன்னு நல்லாத்தான் இருக்கும், சதை எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சாத்தான் அழற்சி தெரியும். அதனால 'கொலனோஸ்கோப்பி நார்மல்'னு வந்தா, பயாப்சி எடுத்தாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

பித்தப்பை எடுத்தவங்களுக்கே வலப்பக்க மேல்வயித்துல பழைய வலி திரும்பி வந்தா, பித்தக் குழாய்ல கல்லு தங்கியிருக்கலாம், புதுசா உண்டாகவும் செய்யும். அதுக்கு எம்ஆர்சிபி, அதாவது பித்தக் குழாயைப் படம் பிடிக்கிற எம்ஆர்ஐ ஸ்கேன். கண்ணு மஞ்சளாகிக் காய்ச்சலும் குளிரும் சேர்ந்தா அன்னைக்கே போகணும்.

ஆகஸ்ட் 6

எழுதி வைக்கிறது எப்படின்னு கேட்டிருக்காங்க. ஒரு கோடு போட்ட நோட்டு போதும். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குப் போனேன், தண்ணியா கூழா கட்டியா, அன்னைக்கு என்ன மாத்திரை. ரெண்டு வாரம். அதுக்கு மேல எழுதினா வயித்தையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்போம், வாழ முடியாது. டாக்டருக்கு அந்த ரெண்டு பக்கம் தங்கம். நான் ஆட்டுக்கறிதான் எதிரின்னு நினைச்சிருந்தேன். நோட்டைப் புரட்டினா, ஒவ்வொரு மோசமான நாளுக்கும் முன்னால காலைச் சாப்பாடு விட்டுப்போன கட்டம்தான் இருந்தது.

ஆகஸ்ட் 29

பேட்டை தம்பிக்குக் குடல் டாக்டர் கொலெஸ்டைரமைன் எழுதிக் கொடுத்துட்டாராம். சாப்பிட ஆரம்பிச்சு ஒரு வாரம், இப்போ காலையில ஒரே தடவைதான் போகுதாம். படிச்சுட்டு வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன்.

அவரு கேட்டிருக்கிற சந்தேகத்துக்கு: தைராய்டு மாத்திரையையும் பொடியையும் சேத்துப் போடவே கூடாது தம்பி. பொடி குடல்ல மத்த மருந்தையும் பிடிச்சு வச்சுக்கிடும், மாத்திரை உடம்புல சேராது. மத்த மருந்தெல்லாம் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னால, இல்லாட்டி நாலிலிருந்து ஆறு மணி நேரம் கழிச்சு. நான் தைராய்டு மாத்திரை போடல, ஆனா பிரஷர் மாத்திரையை விடியக்காலையில போட்டுட்டு, பொடியை மத்தியானச் சாப்பாட்டோட வச்சிருக்கேன். உங்களுக்கு எது சரிவரும்னு டாக்டர்கிட்ட நேரத்தோட எழுதி வாங்கிக்கிடுங்க. ரொம்ப மாசம் தொடர்ந்தா ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையலாம், ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு கூடலாம், அதுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுவாங்க.

ஆகஸ்ட் 30

மருந்துக்கடையில இருப்பு இல்லைன்னு தம்பி சொன்னதுக்கு: பாக்கெட் தீர்றதுக்குப் பத்து நாள் முன்னாலேயே சொல்லி வச்சிருங்க. அப்படியும் வரலைன்னா நீங்களா நிறுத்திட்டு உக்காராம, கொலெசெவலம் மாத்திரைக்கு மாத்தித் தர முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க.